மேற்கே மின்னுகிறது, ஏரி நிறையுமா?

ஆடி, ஆவணி, புரட்டாசி ஆகிய மூன்று மாதங்களிலும் சென்னைவாசிகள் பெரும்பாலான நாட்களில் ஒரே வாக்கியத்தைத்தான் வானிலை அறிக்கையாகக் கேட்கிறார்கள். "வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும், நகரின் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." வானொலியிலும் இதுதான், தொலைக்காட்சியிலும் இதுதான், அப்பாவின் கைபேசியிலும் இதுதான். அன்று மாலை மயிலாப்பூர் மாட வீதிகளில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிலோமீட்டர் தள்ளி, தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் தரைகூட நனையவில்லை. மயிலாப்பூர்க்காரர், "ஓரிரு இடமாம்! இப்படிக் கொட்டும் என்று சொன்னார்களா?" என்கிறார். தி. நகர்க்காரர், "மழை என்றார்கள், ஒரு துளி உண்டா?" என்கிறார். இருவரும் சேர்ந்து வானிலை நிலையத்தைக் கேலி செய்கிறார்கள். அறிக்கையோ இருவர் விஷயத்திலும் சரியாகவே இருந்தது!

எப்படி என்று கேட்கிறீர்களா? 'ஓரிரு இடங்கள்' என்பது வாய்க்கு வந்தபடி சொன்ன சொல் அன்று. இந்திய வானிலைத் துறை அதற்கு அளவு வகுத்திருக்கிறது. ஒரு பகுதியில் 100 மழைமானிகள் இருந்தால், அவற்றில் 25க்கு மேற்படாத மானிகளில் மட்டும் மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் அது 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 வரை என்றால் 'சில இடங்கள்'. 51 முதல் 75 வரை 'பல இடங்கள்'. அதற்கும் மேற்பட்டால் 'பெரும்பாலான இடங்கள்'. அதேபோல் 'கன மழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. அதற்கு மேல் 204.4 மில்லிமீட்டர் வரை 'மிகக் கன மழை'. அதையும் தாண்டினால் 'அதிகன மழை'. ஆகவே ஓரிரு இடங்களில் மழை என்ற அறிக்கையைக் கேட்டால், உங்கள் வீட்டு மாடியில் மழை விழும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு என்று பொருள் கொள்ள வேண்டும். குடையை எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் பாடு.

குடை நனைவது சின்ன விஷயம். ஆனால் இந்த மாதங்களில் சென்னைக்கு வேறொரு பெரிய கேள்வி இருக்கிறது. அது குடிநீர்.

கோடையின் கடைசியில் ஏரிகள்

நம் நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் மழைக்காலம். சென்னைக்கு அப்படியல்ல. ஆண்டு முழுவதும் இங்கே பெய்யும் சுமார் 140 செண்டிமீட்டர் மழையில் அந்த நான்கு மாதங்களின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பெரும்பங்கு அக்டோபர் மூன்றாம் வாரம் தொடங்கி டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. அதாவது முந்திய டிசம்பரில் தேங்கிய தண்ணீரைக் கொண்டு அடுத்த அக்டோபர் வரை காலம் தள்ள வேண்டும். ஆவணி மாதம் அந்த நீண்ட பயணத்தின் கடைசிக் கட்டம். தேர்வு நெருங்கும்போது கைச்செலவுப் பணம் தீர்ந்துபோன விடுதி மாணவனைப்போல நகரம் ஏரிகளை எட்டி எட்டிப் பார்க்கும் காலம்.

பூண்டி, சோழவரம், புழல் என்ற செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் நமது பழைய குடிநீர் ஏரிகள். 2020இல் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை ஏரி ஐந்தாவதாகச் சேர்ந்தது. ஐந்தும் நிரம்பினால் 11.757 டி.எம்.சி. தண்ணீர். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். நகருக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் கொடுப்பதாக வைத்துக் கணக்கிடுங்கள். ஏரிகள் முழுதாக நிறைந்திருந்தால், வேறெங்கிருந்தும் ஒரு சொட்டு வராவிட்டாலும், சுமார் பதினோரு மாதம் தாங்கும். (உண்மையில் தாங்காது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.) வீராணம் ஏரியிலிருந்தும், ஆந்திரத்திலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா கால்வாயிலிருந்தும், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலிருந்தும் தண்ணீர் வருவதால்தான் நகரம் சமாளிக்கிறது.

சமாளிக்க முடியாமற்போன ஆண்டும் உண்டு. 2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. விளைவு, 2019 ஜூன் மாதத்தில் நான்கு ஏரிகளிலும் சேர்த்துக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட நீர் இல்லை. செம்பரம்பாக்கத்தின் வெடித்த தரை உலகப் பத்திரிகைகளில் படமாக வந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த 25 லட்சம் லிட்டரை நாளைத் தேவையான 100 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நானூறில் ஒரு பங்கு!

ஏரியைப்பற்றிப் பேசும்போது தி. நகர் மாணவர்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் குடியிருப்பதே ஓர் ஏரியில்தான். ஆங்கிலேயர் தம் வரைபடங்களில் 'லாங் டாங்க்' என்று குறித்த நீண்ட ஏரி மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை படுத்திருந்தது. 1920களில் அதன் நீரை வடித்துவிட்டுத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் டாங்க் பண்ட் ரோடும் 'லேக் ஏரியா'வும் இன்று எந்த ஏரியையும் காட்டுவதில்லை. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. ஆனால் பள்ளம் எங்கேயும் போய்விடவில்லை. 2021 நவம்பரில் தி. நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் நீர் நின்றபோது அது தன் பழைய இடத்துக்குத்தான் வந்திருந்தது.

இரண்டு காற்றுகளின் மல்யுத்தம்

இனி ஆவணி மாதத்து மாலை இடிமழை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். இது பௌதிகப் பாடத்தில் நீங்கள் ஏற்கெனவே படித்த செய்திகளால் ஆனதுதான்.

ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 4,200 ஜூல் வெப்பம் வேண்டும். மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். மேலும் கடலில் வெயில் ஆழமாக ஊடுருவுகிறது, அலைகள் நீரைக் கலக்கிவிடுகின்றன. நிலத்திலோ மேல்தோல் மட்டும் காய்கிறது. எனவே காலை 10 மணிக்கெல்லாம் நிலம் கடலைவிட நன்றாகச் சூடாகிவிடும். நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து உயர, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த, ஈரமான காற்று வரும். இதுவே கடற்காற்று. பெசன்ட் நகரில் இருப்பவர்கள் முதலில் அனுபவிப்பார்கள், அடுத்து அடையாறு, மயிலாப்பூர், பிறகு தி. நகர். கடற்காற்றின் முன்விளிம்பு நடந்து போகிற வேகத்தைவிடச் சற்று வேகமாக உள்நாடு நோக்கி நகர்கிறது.

எதிரே வருவது மேல்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது கேரளத்திலும் நீலகிரியிலும் மழையைக் கொட்டிவிட்டு, வற்றிய காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. வற்றிய காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி சூடாகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று இதுதான். மே, ஜூன் மாதங்களில் இது வலுவாக வீசும் நாட்களில் கடற்காற்றைக் கரைக்கு அப்பாலேயே தடுத்து நிறுத்திவிடும். அன்று சென்னை கொதிக்கும். 2003 மே 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது அப்படிப்பட்ட பருவத்தில்தான். ஆவணி பிறந்தால் மேல்காற்றின் வேகம் பல நாட்களில் தளர்ந்துவிடுகிறது. கடற்காற்று உள்ளே வர வழி கிடைக்கிறது.

இரண்டும் சந்திக்கும் கோட்டில் என்ன நடக்கும்? இரு பக்கமிருந்தும் தள்ளப்பட்ட காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துச் சூடான சமவெளியிலும், ஜவ்வாது மலைச் சரிவுகளிலும் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குக் காலிபிளவர் போன்ற மேகங்கள் கிளம்புகின்றன. உயரே போகப்போகக் காற்று விரிந்து குளிர்கிறது, நீராவி துளிகளாகிறது. அப்போது ஒவ்வொரு கிலோகிராம் நீராவியும் தன் உள்ளுறை வெப்பமான 25 லட்சம் ஜூலைக் காற்றிலே விட்டுவிடுகிறது. அதனால் அந்தக் காற்று சுற்றிலுமுள்ள காற்றைவிடச் சூடாக, இலேசாக இருக்கிறது. இன்னும் வேகமாக மேலே போகிறது. மேகம் தன் நெருப்பைத் தானே ஊதிக்கொள்கிறது எனலாம். ஒரு மணி நேரத்திற்குள் அது 12 கிலோமீட்டருக்கும் மேல் வளர்ந்து, உச்சி பட்டறை போலத் தட்டையாகிவிடும்.

இதில் எவ்வளவு சக்தி இருக்கிறது? 10 கிலோமீட்டர் நீளம், 10 கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பில் 3 செண்டிமீட்டர் மழை பெய்ததாகக் கொள்வோம். சாதாரண ஆவணி மழைதான். நீரின் கன அளவு 30 லட்சம் கன மீட்டர். எடை 300 கோடி கிலோகிராம். அதை 25 லட்சம் ஜூலால் பெருக்குங்கள். 1,000 மெகாவாட் திறனுள்ள கூடங்குளத்து அணு உலை ஒன்று சுமார் 87 நாட்கள் இடைவிடாது ஓடி உற்பத்தி செய்யும் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் கிடைக்கும்! இத்தனையும் ஒரு மாலைப் பொழுதில், ஓசையோடும் ஒளியோடும் செலவாகிவிடுகிறது. (இந்தக் கணக்கை வகுப்பில் போட்டால் யாரும் நம்புவதில்லை. நீங்களே போட்டுப் பாருங்கள்.)

தரையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசினாலும், மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்துதான் வீசுகிறது. உயர்ந்த மேகத்தை ஓட்டிச் செல்வது அந்த மேல்தளக் காற்று. ஆகவே உள்நாட்டில் பிறந்த இடிமேகங்கள் கிழக்கு நோக்கிப் பயணம் செய்து, இரவு ஏழிலிருந்து நள்ளிரவுக்குள் சென்னையை எட்டுகின்றன. மேற்கே மின்னினால் மழை என்று பாட்டி சொல்வது இந்த மாதங்களுக்கு மிகவும் பொருந்தும். ஐப்பசியில் அதே பாட்டி கிழக்கே கடலைப் பார்க்க வேண்டும்.

மழைக்குச் சில நிமிடங்கள் முன் சட்டென்று ஜில்லென்ற காற்று ஒன்று மேற்கிலிருந்து அடிக்கிறதல்லவா? மண்வாசனையும் அதோடு வரும். மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது; தரையில் மோதி நாலா பக்கமும் பரவுகிறது. அந்த அலைதான் உங்கள் ஜன்னலைப் படார் என்று சாத்துகிறது. அது வந்ததும் மொட்டை மாடியிலிருந்து கீழே இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டரில் தூரம் தெரியும். ஆனால் அந்த எண்ணிக்கையை வீட்டிற்குள் நின்று செய்ய வேண்டும்.

ஏன் தெருப் பெயர் சொல்ல முடியவில்லை?

மழை பொழியும் மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். அது பிறக்கும் இடத்தைத் தீர்மானிப்பது ஒரு குன்றின் நிழலாக இருக்கலாம்; முந்திய நாள் மழையில் ஈரமான ஒரு வயலாக இருக்கலாம். இவ்வளவு சிறிய வித்தியாசங்களை அளக்கும் கருவி வலை எந்த நாட்டிலும் கிடையாது. அமெரிக்க வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் 1961இல் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கைத் திரும்ப ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாகச் சுருக்கமாக 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் விடை முற்றிலும் வேறாகிவிட்டது. தொடக்கத்தில் பத்தாயிரத்தில் சில பங்கு வேறுபாடு. முடிவில் வெயிலுக்கும் புயலுக்கும் உள்ள வேறுபாடு. அதனால் இன்று ஒரே கணக்கைச் சிறிது மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டுகிறார்கள். 50 ஓட்டங்களில் 30இல் மழை வந்தால் வாய்ப்பு நூற்றுக்கு அறுபது என்கிறார்கள்.

மேகம் பிறந்துவிட்ட பிறகு நிலைமை வேறு. சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ராடார் ரேடியோ அலைத் துடிப்புகளை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மழைத்துளிகளிலிருந்து எதிரொலி ஆயிரத்தில் 0.4 வினாடிக்குள் திரும்பிவிடும். துளிகள் நம்மை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பதை அலையின் அதிர்வெண் மாற்றம் காட்டிக்கொடுக்கும். ஆகவே அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்திற்கான அறிவிப்பு, காலையில் சொன்ன அறிக்கையைவிட மிகவும் நம்பத்தக்கது.

இந்த மழை ஏரிக்குப் போகுமா?

பெரும்பாலும் போகாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அடையாற்றில் 7 செண்டிமீட்டர் பெய்தால் அந்த நீர் சாக்கடை வழியாகக் கடலுக்கு ஓடும். புழலுக்கு ஒரு சொட்டும் சேராது. ஏரிக்கு நீர் வரவேண்டுமானால் திருவள்ளூர், திருத்தணிப் பக்கத்தில், கொசஸ்தலையாற்றின் நீர்பிடிப்பில் பெய்ய வேண்டும். அங்கே பெய்தாலும் காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். வரிசையாக நான்கைந்து நாள் பெய்து மண் நிறைந்த பிறகே ஓடைகளில் நீர் ஓடத் தொடங்கும். 2019 செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் இரவில் கொட்டிய இடிமழை போன்றவை அபூர்வம்.

இதற்கிடையில் வெயில் தன் வரியை வசூலித்துக்கொண்டே இருக்கிறது. புழல் ஏரியின் நீர்ப்பரப்பு ஒரு நாளில் 15 சதுர கிலோமீட்டர் என்றும், அன்று 5 மில்லிமீட்டர் ஆவியாயிற்று என்றும் கொள்வோம். 75,000 கன மீட்டர், அதாவது 7.5 கோடி லிட்டர். மீஞ்சூர் நிலையம் கடல்நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்குத் தருவது 10 கோடி லிட்டர். அரும்பாடுபட்டு உப்பு நீக்கிய நீரில் முக்கால் பங்குக்குச் சமமான அளவை ஒரே ஏரியிலிருந்து சூரியன் விலையின்றி எடுத்துக்கொண்டு போகிறது. பதினோரு மாதக் கணக்கு ஏன் பொய்யாகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? மேகமூட்டமான ஆவணி நாள் ஒன்று மழையே தராவிட்டாலும் இந்த இழப்பைக் குறைக்கிறது. அதுவும் ஒரு லாபம்தான்.

நகரத்துக்குள் பெய்யும் மழைக்கு வேறொரு பயன் உண்டு. மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர், திருவான்மியூர் வரை கடலோரம் மணற்பாங்கானது. மணலில் இறங்கிய நல்ல நீர், கீழே உள்ள கடல்நீரின் மேல் எண்ணெய்போல மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நல்ல நீரைவிட 40இல் ஒரு பங்குதான் அதிகம். ஆகவே நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்க முடியும். கிணற்றை இறைத்து மட்டத்தை அரை மீட்டர் குறைத்தால், உப்புநீர் கீழிருந்து 20 மீட்டர் ஏறிவிடும்! தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டு மாடிக் குழாய் சேமிப்புத் தொட்டிக்குப் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல முடியுமா?

ஆவணியில் கேட்கப்படும் பெரிய கேள்வி இதுதான். வருகிற ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறையுமா?

இப்படிக் கேட்கத் தூண்டியது பஞ்சம். வானிலைத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பிடித்தது. அதன் பிறகு அரசாங்கம் துறைத் தலைவரான பிளான்ஃபோர்டைப் பருவமழையை முன்கூட்டிச் சொல்லும்படி கேட்டது. அவர் இமயமலைப் பனியில் துப்புத் தேடினார். 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணித நிபுணர். உலகெங்குமிருந்து வந்த அழுத்தம், வெப்பநிலை, மழை எண்களை எழுத்தர்களைக் கொண்டு கூட்டிப் பெருக்கி, பசிபிக் கடலில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது என்ற ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தார். பசிபிக்கின் கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும், குளிரும் லா நினாவும் இந்த ஊசலோடு இணைந்தவை என்பது பிற்பாடு தெரிந்தது.

எல் நினோ என்றால் இந்தியாவில் வறட்சி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது தென்மேற்குப் பருவமழைக்கு ஓரளவு பொருந்தும். நம் வடகிழக்குப் பருவமழைக்குக் கணக்கு தலைகீழ்! எல் நினோ ஆண்டுகளில் அது சராசரியைவிடக் கூடுதலாகவே பெய்ய முற்படுகிறது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. அந்த நவம்பர் ஒரே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 100 செண்டிமீட்டருக்கு மேல் மழை. 2016 லா நினாப் பக்கம் சாய்ந்த ஆண்டு. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் நூற்றுக்கு நாற்பதுகூட வரவில்லை. விதி அழகாகப் பொருந்துகிறது அல்லவா? அவசரப்படாதீர்கள். 2021உம் லா நினா ஆண்டுதான்; அந்த நவம்பரிலும் நுங்கம்பாக்கம் 100 செண்டிமீட்டரைத் தாண்டியது. 2018இல் பசிபிக் எல் நினோப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, மழை பொய்த்தது.

காரணம் எளிது. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி நான்கைந்து காற்றழுத்தத் தாழ்வுகளால் கிடைப்பது. பசிபிக் கடல் பகடையின் ஒரு பக்கத்தைச் சற்றுக் கனமாக்கலாம். எந்தத் தாழ்வு நிலை சென்னைக்கு வரும், எது நாகப்பட்டினத்துக்கும் எது நெல்லூருக்கும் போகும் என்பதை அது சொல்லாது. அதனால்தான் பருவ முன்னறிவிப்பு 'வழக்கத்தைவிட அதிகம்', 'வழக்கமான அளவு', 'குறைவு' என்ற மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனி வாய்ப்பைத் தருகிறது. ஒன்றும் தெரியாவிட்டால் மூன்றுக்கும் நூற்றுக்கு 33. ஒரு பிரிவுக்கு 50 என்று சொன்னாலே அது பெரிய செய்தி. ஆனால் பத்திரிகைத் தலைப்பில் வாய்ப்பு காணாமற்போய் 'இந்த ஆண்டு கொட்டப் போகிறது மழை' என்றாகிவிடுகிறது. என்னைக் கேட்டால், முன்னறிவிப்பில் தவறு நேர்வதைவிட அதைப் படிப்பதில்தான் அதிகத் தவறு நேர்கிறது.

ஏரியைக் காக்கும் பொறியாளரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நவம்பர் மாதம், செம்பரம்பாக்கம் நிறையும் தறுவாயில் இருக்கிறது. பெருமழைக்கு வாய்ப்பு நூற்றுக்கு அறுபது என்கிறது அறிக்கை. முன்னதாகவே நீரைத் திறந்துவிட்டு இடம் செய்வீர்களா? மழை வராமற்போனால் அடுத்த கோடையில் நகரம் உங்களைச் சபிக்கும். 2016இல் பருவமழை வரவில்லை, 2017இல் ஏரிகள் வறண்டன. திறக்காமல் வைத்திருந்து மழை வந்துவிட்டால்? 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்க நேர்ந்தது. அதாவது வினாடிக்கு 8 லட்சம் லிட்டர். முழு ஏரியும் அந்த வேகத்தில் ஒன்றரை நாளில் காலியாகிவிடும். வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரியும் சேர, அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. நூற்றுக்கு அறுபது என்ற எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நீங்களே அளந்து பாருங்கள்

நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த பழைய வான் ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் மண்டல வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக அந்த வட்டாரத்தில் செய்வதையே நீங்களும் செய்யலாம். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள, பக்கங்கள் செங்குத்தான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றும் மில்லிமீட்டர் அளவுகோலும் போதும். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் அதை வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தைக் குறித்துக்கொண்டு கொட்டிவிடுங்கள். நேரம் முக்கியம், இந்தியா முழுவதும் மழையளவு அந்த நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. இன்றைய தேதியில் வரும் அளவு நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது. பாத்திரத்தின் அகலம் எவ்வளவானாலும் உயரம் ஒன்றாகவே இருக்கும்; ஏன் என்று யோசியுங்கள்.

மயிலாப்பூரில் ஒருவர், தி. நகரில் ஒருவர், அடையாற்றில் ஒருவர் என்று மூன்று நண்பர்கள் சேர்ந்தால் மிகவும் நல்லது. நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள் போடுங்கள். மழை என்றார்கள், பெய்தது. மழை என்றார்கள், பெய்யவில்லை. இல்லை என்றார்கள், பெய்தது. இல்லை என்றார்கள், பெய்யவில்லை. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மழை நாளாகக் கொள்ள வேண்டாம். வானிலைத் துறையின் வழக்கம் அது.

மதிப்பெண் போடும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். 1884இல் அமெரிக்காவில் ஃபின்லி என்பவர் சுழற்காற்று வருமா வராதா என்று 2,803 முன்னறிவிப்புகள் செய்து, நூற்றுக்கு 96.6 சரி என்று பெருமைப்பட்டார். ஒவ்வொரு நாளும் 'வராது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் 98.2 கிடைத்திருக்கும் என்று மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள்! ஆவணியிலும் மழை நாட்களைவிட மழையில்லா நாட்களே அதிகம். தினமும் 'இல்லை' என்று சொல்பவருக்கு நூற்றுக்கு எழுபது சுலபமாகக் கிடைத்துவிடும். அப்படியானால் முன்னறிவிப்பு உண்மையிலேயே பயன் தருகிறதா என்பதை நான்கு கட்டங்களில் எந்தெந்த எண்களைக் கொண்டு கணக்கிடுவீர்கள்? மூன்று மானிகளின் அளவுகளையும் தனித்தனியாகவும், மூன்றில் ஏதேனும் ஒன்றில் மழை பெய்தாலும் போதும் என்று சேர்த்தும் எண்ணிப் பாருங்கள். இரண்டு விடைகளும் ஒன்றாக இரா. புரட்டாசி முடிந்ததும் அக்டோபர் 20 வாக்கில் காற்று கிழக்கே திரும்பும். அன்று முதல் நோட்டில் புதிய பக்கம் தொடங்குங்கள்.